தாத்தா மலாயாவிலிருந்து அனுப்பிய 15 ரூபாய் 8 அணா: பழைய கடிதங்களைப் படிக்க உதவி வேண்டும்

முசிறிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஊர்ல பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சோம். பரண்ல ஒரு தகரப்பெட்டி. உள்ளே 38 கடிதம், 21 மணியார்டர் துண்டுச் சீட்டு, காலியான கோடாலித் தைலக் குப்பி ஒண்ணு. எல்லாம் எங்க தாத்தா, அப்பாவைப் பெத்தவர், மலாயாவிலேருந்து அனுப்பினது.

தெரிஞ்சதைச் சொல்லிடறேன். தாத்தா 1926-ல முதல் தடவையா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கற ஒரு கங்காணி கூடப் போனார். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைத் திருப்பி அனுப்பினப்ப, 1930-ல, ஊர் வந்தார். கல்யாணம் நடந்துச்சு. 1931-ல எங்க அப்பா பொறந்தார். 1934-ல மறுபடி ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிட்டார். பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். 1937-ல ஒரே ஒரு தடவை வந்து மூணு மாசம் இருந்துட்டுப் போனார். அடுத்த வருஷம் அத்தை பொறந்தாங்க. அத்தை முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

கடைசிக் கடிதம் 1941 நவம்பர். அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது. ஊர்ல இன்னிக்கும் "பினாங்குக்குப் போனவன் பொண்டாட்டி புள்ளையை மறந்துட்டான்"னுதான் பேச்சு. அப்பாயி 1979-ல சாகற வரைக்கும் தாலியைக் கழட்டலை. விசேஷ வீட்டுல முன்னாடி நிக்கவும் கூப்பிட மாட்டாங்க, ஒதுங்கி நில்லுன்னும் சொல்ல மாட்டாங்க. அந்த நடுவாந்தரத்துலயே 38 வருஷம் இருந்தாங்க.

எனக்கு மூணு விஷயம் தெரியணும்.

கடிதங்கள்ல நாலு விதமான கையெழுத்து இருக்கு. இதுல எது தாத்தா எழுதினது?

மணியார்டர் தொகையெல்லாம் ஏன் அரைகுறையா இருக்கு? 15 ரூபாய் 8 அணா, 7 ரூபாய் 12 அணா, 23 ரூபாய் 5 அணா. முழுத் தொகை ஒண்ணுகூட இல்லை. சில்லறை வரைக்கும் வழிச்சு அனுப்பினாரா, இல்ல வழியில யாராவது கமிஷன் பிடிச்சாங்களா? வீட்டுல அந்தக் காலத்துலேயே இந்தச் சந்தேகம் இருந்துச்சாம்.

மூணாவது, நிஜமாவே மறந்துட்டாரா?

தபால்தலை

முதலில் எளிதான கேள்வி. யாரும் கமிஷன் பிடிக்கவில்லை, நிம்மதியாக இருங்கள்.

மலாயாவில் புழங்கியது ஸ்டிரெயிட்ஸ் டாலர். அங்குள்ள தமிழர் வாயில் அது 'வெள்ளி'. 1906 முதல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பைக் கட்டி வைத்திருந்தார்கள். நம் ரூபாய்க்கு 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது 28 பென்ஸுக்கும் 18 பென்ஸுக்கும் உள்ள விகிதம். வகுத்துப் பாருங்கள் (16 அணா ஒரு ரூபாய், 12 தம்பிடி ஒரு அணா). 10 வெள்ளிக்கு 15 ரூபாய் 8 அணாவும் சில தம்பிடியும் வரும். 5 வெள்ளிக்கு 7 ரூபாய் 12 அணா. 15 வெள்ளிக்கு 23 ரூபாய் 5 அணா. உங்கள் மூன்று தொகையும் தம்பிடி விட்டால் அப்படியே பொருந்துகின்றன.

உங்கள் தாத்தா அனுப்பியது முழுத் தொகைதான். அங்கே கவுண்டரில் பத்து வெள்ளி நோட்டை நீட்டியிருக்கிறார். கடல் தாண்டியதில் அது முசிறியில் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது.

உறைகள் இருந்தால் தபால்தலைகளையும் பாருங்கள். 1934 கடிதங்களில் பாயும் புலி இருக்க வேண்டும், அது கூட்டு மலாய் மாநிலங்களின் தலை. அதன்பின் பேராக் தனியாக வெளியிட்டது, அதில் சுல்தான் படம். தேதி அழிந்துபோன கடிதங்களை வரிசைப்படுத்த இது உதவும்.

முசிறிக்காரன்

ஐயா, கைகூப்பறேன். உறையெல்லாம் பார்த்தேன். பதினோரு உறையில புலி இருக்கு.

இந்தப் பத்து வெள்ளி அங்க எவ்வளவு நாள் சம்பளம்?

ஈப்போ ஆசிரியை

வணக்கம் முசிறிக்காரன். நான் ஈப்போவில் இருக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பாவும் தோட்டப் பள்ளி வாத்தியார்தான். சுங்கை சிப்புட் எனக்கு அரை மணி நேரப் பயணம். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சம்பளத்தைச் சொல்கிறேன். 1920-களின் கடைசியில் நல்ல தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தார்கள். 100 காசு ஒரு வெள்ளி. மந்தக் காலத்தில் அது 30 காசுக்கும் கீழே இறங்கியது. பிறகு கொஞ்சம் ஏறியது. நாளுக்கு 40 காசு என்று வைத்துக்கொண்டால் பத்து வெள்ளி என்பது 25 நாள் ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் பேரும் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் தோட்டத்துச் சாமான் கடையில் கடனுக்கு வாங்கியிருப்பார். அந்தக் கடன் போக மிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு பத்து வெள்ளி. ஏழரை வருடத்தில் 21 மணியார்டர் என்றால், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் போட்டிருக்கிறார். மறக்கிறவர் செய்கிற வேலை இல்லை இது.

கையெழுத்து விஷயம். நான்கில் ஒன்றுகூட அவருடையதாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். மனம் நோகாதீர்கள். பால்வெட்டுக்கு வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். கடிதம் எழுதிக் கொடுத்தது ஆபீஸ் கிராணி (குமாஸ்தா), அல்லது பள்ளி வாத்தியார், அல்லது கங்காணி வீட்டில் நாலெழுத்துப் படித்த பையன். கிராணி மாற்றலாகிப் போனால் கையெழுத்தும் மாறும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா திண்ணையில் உட்காருவார். வரிசையாக வருவார்கள். காசு வாங்க மாட்டார். யாராவது நாலு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். சொல்கிறவர் நின்றுகொண்டே சொல்வார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். அத்தனை பேர் காதில் விழும்படி மனைவிக்கு என்ன சொல்லிவிட முடியும்? "இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்." அவ்வளவுதான். பிறகு பணக் கணக்கு. முடித்த பிறகு அப்பா ஒரு தடவை வாசித்துக் காட்டுவார். சிலர் அந்த வாசிப்பைக் கேட்டு அழுவார்கள். தாங்கள் சொல்லாத எதுவும் அதில் இருக்காது, ஆனாலும் அழுவார்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். அந்த 38 கடிதமும் யார் பேருக்கு எழுதப்பட்டவை?

சிவகங்கைச் சீமை

எல்லாரும் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்குறீங்க. நான் மறுபக்கம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க அம்மாயி வீட்டுக்காரரும் மலாயா போனவர்தான். கிள்ளான் பக்கம். அவர்கிட்டேருந்து கடிதம் நின்னது 1936-ல. ஜப்பான்காரன் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. தபால் நல்லாத்தான் ஓடுச்சு, கப்பல் நல்லாத்தான் வந்துச்சு. அதே ஊர்லேருந்து போன நாலு பேர் மாசா மாசம் எழுதினாங்க. அவர் எழுதலை. ஏன்னா அங்க வேற குடும்பம் வச்சுக்கிட்டார். திரும்பி வந்த ஆள் ஒருத்தர் சொல்லித்தான் அம்மாயிக்குத் தெரியும். அதையும் கிணத்தடியில வச்சு, நாலு பொம்பளைங்க முன்னாடி சொன்னாராம்.

வெள்ளைக்காரன், தோட்டம், கிராணி, போர் எல்லாம் உண்மைதான். ஆனா அதையெல்லாம் சொல்லிச் சொல்லி விட்டுட்டுப் போன ஆம்பளைங்க எல்லாரையும் தப்பிக்க விட்டுடாதீங்க. எங்க அம்மாயி மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு அடுத்தவன் காட்டுல களை வெட்டினாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. போகவும் வேண்டாம்.

நாகூர்வாசி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் பக்கம் பினாங்கு, சிங்கப்பூர் போய்வருகிறவர்களைச் சபராளி என்போம். என் வாப்பா பினாங்கில் கடையில் இருந்தார். தோட்டத்துக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், எங்களுக்குத் தபால்காரர் மட்டும் இல்லை, கப்பல்காரர்களும் இருந்தார்கள். ரஜுலா என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஒவ்வொரு கப்பலிலும் எங்கள் தெருவுக்குத் தெரிந்த யாராவது இருப்பார்கள். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கூடவே கைலி, தைலம், டார்ச் லைட். இங்கிருந்து திரும்பப் போகிறவர் கையில் ஊறுகாய், கருவாடு, பிள்ளையின் கால் அளவு வெட்டிய காகிதம். செருப்பு வாங்க அளவு வேண்டுமே.

கப்பல் வந்த மறுநாள் காலை, வந்தவர் வீட்டுக்குத் தெருவே போகும். அவர் பயணக் களைப்பில் இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் "நல்லா இருக்கார், சதை போட்டிருக்கார்" என்று சொல்லியாக வேண்டும். கடிதத்தில் இல்லாததையெல்லாம் அவரிடம்தான் கேட்போம்.

இன்னொன்று. எங்கள் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் குர்ஆன் ஓதக் கற்றதால் அரபு எழுத்து தெரியும். அரபு எழுத்தில் தமிழை எழுதுவார்கள், அரபுத் தமிழ். உம்மா வாப்பாவுக்கு அப்படித்தான் எழுதுவார். மேலே பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786, பிறகு விஷயம். நடுவில் கிராணி கிடையாது, வாத்தியார் கிடையாது. உம்மா கோபமாக எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். "மூணு கப்பல் வந்துவிட்டது, உங்கள் கடுதாசி எங்கே" என்று இருந்தது. அந்தக் கோபத்தை எழுத முடிந்ததே ஒரு பாக்கியம் என்று ஆசிரியை அவர்களின் பதிவைப் படித்தபோதுதான் எனக்குத் தோன்றியது.

காரைநகரான்

நல்லதொரு இழை. எங்கட பக்கத்துக் கதையையும் சொல்ல வேணும்.

மலாயாவுக்குப் போன தமிழர் எல்லாரும் பால்வெட்டப் போனவை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போன ஆக்கள் பெரும்பாலும் இங்கிலீஷ் படிச்சவை. றெயில்வே, திறைசேரி, அளவைத் திணைக்களம், ஆஸ்பத்திரி எண்டு உத்தியோகம். ரீச்சர் சொல்லுற கிராணிமாரிலயும் எங்கட ஆக்கள் கன பேர். என்ர அப்பப்பா தைப்பிங்கில் றெயில்வேயில் இருந்தவர். அவர் தன்ர கைப்பட கிழமைக்கு ஒரு கடிதம் ஆச்சிக்கு எழுதினவர். லீவுக்கு ஊருக்கு வந்து கலியாணம் செய்தவர், ஊரில வீடு கட்டினவர், பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்து சேர்ந்தவர். எங்கட ஊரில 'மலாயன் பென்ஷனியர்' எண்டால் ஒரு தனி மரியாதை.

அதே நாடு, அதே துரை, அதே தபால். ஒருத்தருக்கு லீவும் பென்ஷனும் இருந்தது, மற்றவருக்கு இல்லை. தொடர்பு அறாமல் இருந்ததுக்கு அன்பு மட்டும் காரணமில்லை எண்டுதான் நான் சொல்ல வாறன். என்ர அப்பப்பா உங்கட தாத்தாவை விடப் பாசமானவர் எண்டு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன். அவரிட்டப் பேனை இருந்தது.

ஆனால் அவற்ர கடிதங்களும் 1942 தொடங்கி மூண்டரை வருசம் இல்லை. அந்த விசயத்தில எல்லாரும் ஒண்டுதான்.

முசிறிக்காரன்

ஆசிரியை அம்மா, நீங்க கேட்டதை நாளைக்குப் பார்த்துச் சொல்றேன், கடிதமெல்லாம் ஊர்ல அண்ணன் கிட்ட இருக்கு.

சிவகங்கைச் சீமை, உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. இதே கேள்விதான் என்னையும் அரிச்சுக்கிட்டு இருக்கு. எங்க அப்பா கடைசி வரைக்கும் "அவர் செத்திருக்கணும், இல்லேன்னா எழுதியிருப்பார்"னு சொல்லுவார். ஒரு பிள்ளை தன் அப்பா செத்திருக்கணும்னு ஆசைப்படறது எவ்வளவு கொடுமைன்னு அப்ப எனக்குப் புரியலை.

ஈப்போ ஆசிரியை

சிவகங்கைச் சீமைக்கு.

தங்கச்சி, நீங்கள் யாரைப் பற்றிச் சொல்கிறீர்களோ, அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பேத்தி நான். என் அம்மா வழிப் பாட்டி, தாத்தாவுக்கு இரண்டாம் தாரம். தாத்தாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது. பாட்டிக்குக் கல்யாணத்தின்போது அது தெரியாது. தோட்டத்தில் அப்போது ஆண்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெண்கள் குறைவு. தனியாக வந்த ஆண்களை வைத்து வேலை வாங்குவதுதான் துரைமாருக்கு லாபமாக இருந்தது. அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. நான் அவருக்காகப் பேச வரவில்லை.

தாத்தா 1958-ல் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் ஊர் முகவரி எழுதிய பழைய உறை ஒன்று பாட்டிக்குக் கிடைத்தது. பாட்டி அதை எடுத்துக்கொண்டு என் அப்பாவிடம் வந்து, "மாப்பிள்ளை, அவங்களுக்கு ஒரு கடுதாசி போடுங்க. செய்தி தெரியாம பூவும் பொட்டுமா இருப்பாங்க, சடங்கு செய்யணுமில்ல" என்றாராம். அப்பா எழுதினார். உறையின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவினார். பாட்டி தன் சீட்டுப் பணத்திலிருந்து 50 வெள்ளி போட்டார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பெரிய பாட்டி யாரையோ வைத்து எழுதியிருந்தார். பணம் வந்தது, காரியம் முடிந்தது, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தார்.

இரண்டு பேரும் அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. கடைசி வரை நேரில் பார்க்கவும் இல்லை.

உங்கள் கோபத்தை விடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் ஏமாற்றப்பட்டவளாக இருக்கலாம் என்பதை மட்டும் சொல்ல நினைத்தேன்.

சிவகங்கைச் சீமை

அக்கா, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிள்ளான்ல இருக்கற அந்த வீட்டைப் பத்தி நாங்க யாருமே யோசிச்சதில்லை. அவங்களும் எங்களைத் தேடியிருப்பாங்களோ என்னமோ.

அவர் மேல இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கு.

கோத்தகிரி மேடு

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது இருப்பது கோத்தகிரி. எங்கள் கதை தலைகீழ்.

முப்பாட்டன் காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடியதால் மலாயா மாதிரி ஒரு வாரக் கடல் இல்லை. கல்யாணம், கருமாதி என்றால் வந்து போக முடிந்தது. அப்படியும் இரண்டு மூன்று தலைமுறையில் ஊர் உறவு தேய்ந்து போனது. பிறகு 1964 ஒப்பந்தம். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். விண்ணப்பத்தை யார் எப்படிப் போட்டார்களோ அப்படி. எங்கள் அப்பாவுக்கு இந்தியா, அப்பாவின் தம்பிக்கு இலங்கை. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா (அறை).

ஆட்களை ஏற்றிப் போன ரயிலை அங்கே 'அழுகைக் கோச்சி' என்பார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவுக்கு அப்பா எழுதிய முதல் கடிதத்தை நான்தான் எழுதினேன். அப்பா சொன்னது, "வந்து சேர்ந்தோம். குளிர் அங்க மாதிரியேதான் இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பக்கம் நிரம்பவில்லையே என்று கவலை. நானாக வாத்தியார் பெயர், நாய்க்குட்டி பற்றியெல்லாம் எழுதி நிரப்பினேன்.

1983 கலவரத்துக்குப் பிறகு சித்தப்பா இரண்டு வருடம் எழுதவில்லை. இருக்கிறாரா இல்லையா தெரியாது. அப்பா அந்த இரண்டு வருடமும் தபால்காரரை நேராகப் பார்க்க மாட்டார். வாசலில் அவர் வருவது தெரிந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். சித்தப்பா உயிரோடுதான் இருந்தார்.

தபால்தலை

மூன்றாவது கேள்விக்கு, 1941 நவம்பருக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிந்த வரை சொல்கிறேன்.

1941 டிசம்பர் 8 ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்தது. மாதம் முடிவதற்குள் ஈப்போவும் அவர்கள் கையில். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. அதோடு மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் தபால் கிடையாது, கப்பல் கிடையாது. எழுதாமல் போனதற்கு அந்த மூன்றரை வருடம் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

அதற்குள் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று சயாம் ரயில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பேராக்கிலிருந்தும் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. காஞ்சனபுரியில் நான் நேரில் போய்ப் பார்த்தேன். போர்க்கைதிகள் கல்லறையில் 6,900 பேருக்கு மேல் இருக்கிறார்கள், வரிசை வரிசையாகக் கல். நம் ஆட்களுக்கு ஆளுக்கொரு கல் என்று அந்த மாதிரி இல்லை. அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

இன்னொன்று பணம். ஜப்பான்காலத்தில் புழங்கிய நோட்டில் வாழைமரம் படம் இருக்கும், வாழைமர நோட்டு என்பார்கள். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பியதும் அது வெறும் காகிதம். உயிர் பிழைத்தவர்களும் கையில் ஒரு காசு இல்லாமல் நின்றார்கள். பணமில்லாத கடிதத்தை எப்படிப் போடுவது என்று கூசி, தள்ளிப்போட்டு, அப்படியே விட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். 1948-ல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வேறு வந்தது, அதுவும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான் தொடங்கியது.

ஆக, மூன்றுமே நடந்திருக்கலாம். ரயில் பாதையில் இறந்திருக்கலாம். கூச்சத்தில் எழுதாமல் இருந்திருக்கலாம். சிவகங்கைச் சீமை சொன்னதுபோலவும் இருக்கலாம். தேட வேண்டுமானால் மலேசியத் தேசியப் பதிவிலாகாவில் இறப்புப் பதிவு கேட்கலாம், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தோட்டத்தின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறது. தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆள் பெயரை வைத்து அல்ல. கூலி ஆட்களின் பெயரை அந்தக் காலத்துப் பத்திரிகை எழுதியது அபூர்வம். எழுதினாலும் எழுத்து மாறியிருக்கும்.

முசிறிக்காரன்

ஆசிரியை அம்மா, கடிதங்களைப் பார்த்துட்டேன். நீங்க ஏன் கேட்டீங்கன்னு எனக்குப் புரியலை, சொல்லிடறேன். முதல் ரெண்டு கடிதம் அவரோட அண்ணன் பேருக்கு இருக்கு. மிச்சம் 36-ம் "சிரஞ்சீவி" போட்டு எங்க அப்பா பேருக்கு இருக்கு. உள்ளே "பெரியவர் கடனில் ரூ. 5 கொடுத்துவிட்டு மீதிக்கு நெல் வாங்கவும்"ங்கற மாதிரி கணக்கு.

ஈப்போ ஆசிரியை

1934-ல் உங்கள் அப்பாவுக்கு என்ன வயது?

முசிறிக்காரன்

மூணு.

ஈப்போ ஆசிரியை

அதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு யாராவது "பெரியவர் கடனில் ரூ. 5 கொடுத்துவிட்டு மீதிக்கு நெல் வாங்கவும்" என்று எழுதுவார்களா? மனைவி பெயரைச் சொல்லிக் கிராணியிடம் எழுதச் சொல்வது அந்தத் தலைமுறைக்கு முடியாத காரியம். அண்ணன் பெயருக்குப் போட்டால் பணமும் சேதியும் அண்ணன் வீட்டோடு நின்றுவிடும். முதல் இரண்டு கடிதத்தில் அப்படி ஏதோ நடந்திருக்கிறது. மூன்றாவதிலிருந்து மகன் பெயருக்குப் போடுகிறார். மகன் மடியில் இருப்பான், மடி யாருடையது?

அந்த 36 கடிதமும் உங்கள் அப்பாயிக்கு எழுதியவை. என் அப்பாவே அப்படிப்பட்ட கடிதங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். "பிள்ளை பேருக்குப் போடுங்க வாத்தியாரே" என்பார்களாம். பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது.

மறுபடி ஒரு தடவை அப்படி நினைத்துக்கொண்டு படியுங்கள்.

காரைநகரான்

ரீச்சர், என்ர அப்பப்பா இங்கிலீஷ் படிச்சவர், ஆச்சியை 'அன்புள்ள' எண்டு விளிச்சு எழுதினவர். அதை நான் பெரிய விசயமாய் நினைச்சதில்லை.

முசிறிக்காரன்

நாலு நாளா இங்க வர முடியலை, மன்னிக்கணும். ஊருக்குப் போயிருந்தேன்.

அத்தைக்கு இப்ப 86 வயசு. கண்ணு தெரியாது, காது நல்லாக் கேக்கும். கட்டில்ல உட்கார வச்சு, 36-ம் வரிசையா வாசிச்சேன். தபால்தலை ஐயா சொன்ன மாதிரி புலியையும் சுல்தானையும் வச்சுத் தேதியை ஒழுங்கு பண்ணி, 1934-லேருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு.

எல்லாத்துலயும் அதே க்ஷேமம், அதே கணக்கு. ஆனா இப்ப வேற மாதிரி கேட்டுச்சு. "சிரஞ்சீவி ராத்திரியில் வெளித் திண்ணையில் படுக்க வேண்டாம், பூச்சி பொட்டு வரும்." "சிரஞ்சீவி களத்து மேட்டு வேலைக்கு இந்த வருஷம் போக வேண்டாம், உடம்பைப் பார்க்கவும்." மூணு வயசுப் பையன் எதுக்குக் களத்து மேட்டுக்குப் போறான்? நான் இத்தனை நாள் இதைக் கிராணி ஏதோ தப்பா எழுதிட்டார்னு நினைச்சேன்.

1938-ல ஒரு கடிதத்துல, "சிரஞ்சீவிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி கிடைத்தது"ன்னு இருக்கு. எங்க அப்பாவுக்கு அப்ப வயசு ஏழு. அந்த வரி வந்ததும் அத்தை என் கையைப் பிடிச்சு நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. மூணு தடவை வாசிச்சேன்.

கடைசிக் கடிதம், 1941 நவம்பர். பெரியவர் கடன்ல இன்னும் 40 ரூபாய் பாக்கி, தைக்குள்ள ரெண்டு தவணையா அனுப்பிடறேன், அதுக்கப்புறம் கப்பல் சத்தம் (கட்டணம்) சேர்க்கணும்னு இருக்கு. அத்தை சொன்னாங்க, அந்த 40 ரூபாயை அப்பாயிதான் அடைச்சாங்களாம். கடலை வித்து, ஆட்டுக்குட்டி வித்து, பத்து வருஷம். அடைச்ச அன்னிக்குப் பெரியவர் வீட்டுலேருந்து பத்திரத்தை வாங்கிட்டு வந்து, பரண்ல இருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொல்லி உள்ளே வச்சாங்களாம். இப்ப பெட்டியில தேடினேன். அடியில இருந்த பழுப்புக் காகிதத்தை ஏதோ ரசீதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். அதுதான் அந்தப் பத்திரம். குறுக்கே கோடு போட்டு "வரவு தீர்ந்தது"ன்னு எழுதி, பக்கத்துல அப்பாயி கைநாட்டு.

அவர் மறந்தாரா இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியலை. ஆனா எங்க ஊர்ல யாராவது இனிமே மறந்துட்டான்னு சொன்னா, நான் 36 கடிதத்தையும் எடுத்து வச்சு வாசிச்சுக் காட்டப் போறேன்.

தேசியப் பதிவிலாகாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கிட்டு இருக்கேன். தோட்டத்தோட பேரை உறையில இருக்கற மாதிரியே போடட்டுமா, இல்ல இப்ப வேற பேரா?

ஈப்போ ஆசிரியை

உறையில் இருக்கிறபடியே போடுங்கள். தோட்டம் இப்போது துண்டு துண்டாகப் போய்விட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பழைய குடும்பங்கள் உண்டு, அதில் ஒரு ஆயாவுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஜப்பான்காலத்தில் சயாமுக்குப் போன ஆட்களின் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தாத்தாவின் பெயரையும் ஊரையும், அவர் எந்தக் கங்காணி கூட வந்தார் என்பதையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.